பத்து மணி நேரத் தூக்கமும் ஐந்து மணி அலாரமும்

கேள்வி: 2025 பிப்ரவரி 9

என் மகனுக்குப் பதினைந்து வயது. மாநில அளவில் நீந்துகிறான். டென்னிஸ் வீரர் பெடரரும் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸும் தினமும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் தூங்குவார்கள் என்று படித்ததிலிருந்து, இரவு எட்டு மணிக்கே விளக்கை அணைத்து அவனைப் படுக்க வைக்கிறேன். காலை ஐந்து மணிக்குப் பயிற்சி. ஆனால் பத்தரை வரை புரண்டு புரண்டு படுக்கிறான். சாம்பியன்களுக்கு வருகிற தூக்கம் இவனுக்கு ஏன் வரவில்லை? ஒழுக்கம் போதவில்லை என்பது என் கருத்து.

பிப்ரவரி 9, இரவு

ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பையனைத் திட்டாதீர்கள்.

வழக்கமாகத் தூக்கம் வருகிற நேரத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரம்தான் மூளை மிக விழிப்பாக இருக்கும் நேரம். பகல் முழுக்கச் சேர்ந்த அசதியை எதிர்த்து, உடலின் உள் கடிகாரம் அப்போது நம்மை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைக்கிறது. பத்தரைக்குத் தூங்கிப் பழகிய பையனை எட்டு மணிக்குப் படுக்கச் சொன்னால், தூக்கத்துக்குக் கதவு அடைத்திருக்கிற நேரம் பார்த்து அனுப்புகிறீர்கள் என்று பொருள். போதாததற்கு, பதின்ம வயதில் இந்தக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. ஏழு வயதில் ஒன்பது மணிக்குச் சுருண்டு படுத்த பிள்ளை பதினைந்தில் பதினொரு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பது உடலின் இயல்பு.

இருட்டறையில் இரண்டரை மணி நேரம் தூக்கத்தோடு மல்லுக்கட்டினால் இன்னொரு கெடுதலும் உண்டு. படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். அந்தப் பழக்கத்தை உடைப்பது பெரும்பாடு.

நான் நீந்தியவன், இப்போது நீச்சல் கற்றுத்தருகிறவன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது எட்டு மணி அல்ல, ஐந்து மணி. அந்த ஐந்து மணியை யார் வைத்தது?

பிப்ரவரி 10

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய நீச்சல் வீரர்களின் தூக்கத்தை ஆய்வாளர்கள் அளந்தார்கள். ஏழு பேர், இரண்டு வாரக் கடும் பயிற்சி முகாம், காலை ஆறு மணிக்கு நீரில் இறங்க வேண்டும். பயிற்சிக்கு முந்தைய இரவுகளில் அவர்கள் தூங்கியது சராசரியாக 5.4 மணி நேரம். ஓய்வு நாளுக்கு முந்தைய இரவுகளில் 7.1 மணி நேரம். உலகின் உச்சத்தில் இருந்தவர்கள், மனத்திடத்தில் நம் எல்லாரையும் விட மேலானவர்கள். அவர்கள் கட்டுப்பாடு இல்லாமல் கூத்தடித்துவிட்டா ஐந்தரை மணி நேரம் தூங்கினார்கள்? பயிற்சி நாளுக்கு முந்தைய இரவில் பத்து மணியை ஒட்டியே படுக்கைக்குப் போயிருக்கிறார்கள். படுத்தார்கள், தூக்கம் வரவில்லை. அலாரம் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது.

அதே குழுவினர் பிறகு ஏழு விளையாட்டுகளைச் சேர்ந்த 70 வீரர்களைப் பார்த்தார்கள். பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு தூக்கம் குறைகிறது. முன்னிரவில் சீக்கிரம் படுத்து யாரும் அதை ஈடுகட்டிவிடவில்லை. 2021-இல் வந்த இன்னொரு ஆய்வில் 12 விளையாட்டுகளின் 175 உயர்மட்ட வீரர்களிடம் உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். சராசரியாக 8.3 மணி நேரம் என்றார்கள். கைக்கருவி கட்டி அளந்தபோது கிடைத்தது 6.7. நூற்றுக்கு 71 பேர், தங்களுக்கு வேண்டியதைவிட ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ குறைவாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

உச்ச வீரர்களின் தூக்கப் பழக்கம் எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: போதாத தூக்கம். அதைப் போதாமல் ஆக்குவது பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லாத கால அட்டவணை.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

பெடரர், லெப்ரான் கணக்கு பற்றிக் கேட்டவருக்கு. அந்தப் பத்து, பன்னிரண்டு மணி பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் இரவும் பகல் தூக்கமும் சேர்ந்திருக்கின்றன என்பதை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள். அந்த உயரத்தில் இருப்பவர் தன் பயிற்சி நேரத்தைத் தானே வைத்துக்கொள்கிறார். காலை ஏழு மணிக்கு அவருக்குப் பள்ளிக்கூட மணி அடிக்காது.

பிப்ரவரி 12

“ஸ்டான்போர்டு ஆய்வில் பத்து மணி நேரம் தூங்கியவர்கள் ஒன்பது சதவீதம் முன்னேறினார்கள், அதைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறீர்களே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாகப் பேசலாம். எனக்குப் பிடித்த ஆய்வு அது.

ஆய்வாளர் செரி மா தலைமையில் செய்து 2011-இல் வெளிவந்தது. பதினொரு கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள். முதலில் சில வாரங்கள் வழக்கம்போல் தூங்கவிட்டு அளந்தார்கள். பிறகு ஐந்து முதல் ஏழு வாரம், இரவில் குறைந்தது பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 282 அடி தூர ஓட்டம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடிக்கு வந்தது. ஃப்ரீ த்ரோ ஒன்பது சதவீதம் மேம்பட்டது, மூன்று புள்ளி வீச்சும் ஏறக்குறைய அதே அளவு. வீரர்களின் மனநிலையும் தெளிந்தது.

இதில் இரண்டு விஷயம். ஒன்று, பத்து மணி நேரம் என்பது படுக்கையில் இருந்த நேரம். கருவி காட்டிய உண்மைத் தூக்கம் எட்டரை மணியை ஒட்டித்தான். அதற்கு முன்பு ஏழு மணிகூட இல்லை. ஆகவே அந்த ஆய்வு எனக்குச் சொல்வது “பத்து மணி நேரம் தூங்கு” என்பதை அல்ல. பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்டால் தெம்பு வரும் என்பதைத்தான் சொல்கிறது. இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்க வழக்கம்போல் தூங்கிய இன்னொரு குழு இல்லை. வாரக்கணக்கில் தொடர்ந்து ஆடினாலே கை பழகிவிடும் அல்லவா? அதையும் கழித்துத்தான் அந்த ஒன்பதைப் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் ஏதோ மிஞ்சும் என்றே நான் நம்புகிறேன். நான் பயிற்சி தரும் பிள்ளைகளிடம் பார்த்ததும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

பிப்ரவரி 13

படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு என்றதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. பிரிட்டன் ஒலிம்பிக் வீரர்களைச் சாதாரண ஆட்களோடு ஒப்பிட்ட 2012 ஆய்வில், வீரர்கள் படுக்கையில் அதிக நேரம் இருந்தார்கள். ஆனால் அதில் தூக்கமாக மாறியது 81 சதவீதம் அளவுக்குத்தான். மற்றவர்களுக்கு அது 89-ஐ ஒட்டி இருந்தது. அசந்துபோனவன் அடித்துப் போட்டதுபோல் தூங்குவான் என்று நினைக்கிறோம். கடும் பயிற்சிக்குப் பின் தசைவலியும் உடல் சூடும் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும். மாலையில் இரண்டு மணி நேரம் விரட்டி விரட்டி நீந்திய யாரையும் கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 15

போட்டிக்கு முந்தைய இரவு. இதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நான் நீந்திய காலத்தில் போட்டிக்குப் போனால் பொது விடுதியில் தங்க வைப்பார்கள். இரும்புக் கட்டில், கழுத்துக்குச் சரிவராத தலையணை, தாழ்வாரத்தில் விடிய விடிய எரியும் குழல் விளக்கு. மறுநாள் இறுதிச் சுற்று என்றால் கண்ணை மூடியதும் நீரில் குதிக்கும் மேடையான ஸ்டார்ட் பிளாக்கில் நிற்பேன். குதிப்பேன், நீந்துவேன், திரும்புவேன், தோற்பேன். மறுபடி பிளாக்கில் நிற்பேன். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் குறட்டை விட, அவன் மேல் எனக்கு வந்த பொறாமை சொல்லி மாளாது. என் மிகச் சிறந்த நேரத்தை, பொட்டுத் தூக்கம் இல்லாத அப்படியோர் இரவுக்கு மறுநாள்தான் நீந்தினேன்.

அதை அதிர்ஷ்டம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். 2015-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று அது சர்வ சாதாரணம் என்கிறது. 283 உயர்மட்ட வீரர்களில் 64 சதவீதம் பேர், கடந்த ஓராண்டில் முக்கியப் போட்டிக்கு முன் தூக்கம் கெட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை படுத்ததும் தூங்க முடியாமைதான். காரணம், போட்டியைப் பற்றிய யோசனை. அதனால் ஆட்டம் கெட்டதாக நினைத்தவர்கள் குறைவு.

ஓர் இரவு கெட்டால் உடலின் அதிகபட்ச விசை அவ்வளவாகக் குறைவதில்லை. போட்டியின் பரபரப்பே தாங்கிப் பிடித்துவிடும். குறைவது வேறு: கவனம், முடிவெடுக்கும் வேகம், நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் பொறுமை. டென்னிஸ் வீரர்களை ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு சர்வீஸ் போடச் சொன்ன பிரிட்டன் ஆய்வில் துல்லியம் நன்றாகவே சரிந்தது. காப்பியில் இருக்கும் கஃபீனைக் கொடுத்தும் மீளவில்லை. ஆகவே ஐம்பது மீட்டர் நீந்துகிறவனின் கெட்ட இரவும், ஐந்து செட் ஆடுகிறவனின் கெட்ட இரவும் ஒன்றல்ல.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முந்தைய இரவை விடுங்கள், அதற்கு முந்தைய ஒரு வாரத்தைக் காப்பாற்றுங்கள்.

பிப்ரவரி 16

ஒலிம்பிக்கில் வீரர்களுக்கு அட்டைக் கட்டிலா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், டோக்கியோ ஒலிம்பிக் கிராமத்தில் அட்டைக் கட்டில்தான். 2021-இல் நடந்தபோது எத்தனை வதந்திகள்! இரண்டு பேர் ஏறினால் உடையும் என்றார்கள். அயர்லாந்தின் ஜிம்னாஸ்ட் ரீஸ் மெக்லெனகன் அதன் மேல் குதித்துக் காட்டி வதந்தியை அடக்கினார். 2024 பாரிஸிலும் அதே நிறுவனத்தின் அட்டைக் கட்டில்கள். அங்கே உண்மையான தொல்லை வெப்பம். குளிர்சாதனம் இல்லாமல் திட்டமிடப்பட்ட கிராமம் என்பதால் பல நாடுகள் தாங்களே கருவிகளைத் தருவித்துக்கொண்டன. நூறு மீட்டர் மல்லாந்த நீச்சலில் தங்கம் வென்ற இத்தாலியின் தாமஸ் செக்கோன், கிராமத்துப் பூங்காவில் புல்தரையில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். வெயிலாலும் சத்தத்தாலும் அறையில் தூக்கம் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார். ஒலிம்பிக் சாம்பியனுக்கே அவ்வளவுதான் அதிகாரம்.

சைக்கிள் பந்தய அணியான டீம் ஸ்கை இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு வீரரின் மெத்தையையும் தலையணையையும் ஊர் ஊராக, விடுதி விடுதியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2015 இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் அந்த அணியின் ரிச்சி போர்ட் விடுதியையே விட்டுவிட்டுத் தனி வேனில் தூங்கினார். உலக சைக்கிள் சம்மேளனம் உடனே அதைத் தடுத்துவிட்டது. எல்லாரும் ஏற்பாட்டாளர் தரும் விடுதியில்தான் தங்க வேண்டுமாம், அதுதான் சமம் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணக்கார அணி மட்டும் நன்றாகத் தூங்குவது சரியா?

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் வராமல் இருப்பதும் கற்பனை அல்ல. மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதை 2016-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். போட்டிக்கு ஒரு நாள் முன்னதாகவாவது போய்ச் சேருங்கள்.

பிப்ரவரி 19

ரொனால்டோ ஒரு நாளைக்கு ஐந்து முறை தொண்ணூறு நிமிடம் தூங்குகிறார் என்று எழுதியிருக்கும் தம்பிக்கு.

தூக்க ஆலோசகர் நிக் லிட்டில்ஹேல்ஸ் தூக்கத்தை மணிக்கணக்கில் எண்ணாமல், தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக எண்ணச் சொல்பவர். ஓர் இரவுக்கு ஐந்து சுற்று, வாரத்துக்கு 35. ரொனால்டோ ஆடிய ரியல் மாட்ரிட் அணியோடு வேலை செய்திருக்கிறார். ஐந்து சுற்று என்றால் ஏழரை மணி நேரம். அதைத் துண்டு துண்டாக நாள் முழுக்கத் தூவிவிட்ட கதைதான் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. தூக்கச் சுற்று எல்லாருக்கும் கடிகாரம் பிடித்தாற்போல் தொண்ணூறு நிமிடமும் அல்ல.

துண்டு தூக்கம் உண்மையிலேயே தேவைப்படுவது, வேறு வழியே இல்லாதவர்களுக்கு. தனியாகப் படகில் உலகைச் சுற்றும் வாண்டே குளோப் போட்டியில் எலன் மெக்ஆர்தர் 94 நாள் கடலில் இருந்து 2001-இல் இரண்டாவதாக வந்தார். அரை மணியை ஒட்டிய கோழித் தூக்கங்களாகவே அத்தனை நாளும் தூங்கினார். கப்பலோ பனிப்பாறையோ எதிர்ப்பட்டால் பார்க்க ஆள் வேண்டுமே. அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் சைக்கிள் பந்தயத்தை ஐந்து முறை வென்ற ஸ்லோவேனியாவின் யூரே ரோபிச், பந்தய நாட்களில் ஒன்றரை மணி நேரம் அளவுக்குத்தான் தூங்குவார். சாலையோர அஞ்சல் பெட்டிகளை எதிரிகள் என்று நினைத்து, சண்டை போட வண்டியிலிருந்து இறங்கியிருக்கிறார். அதைப் படித்து வியக்கலாம். பின்பற்ற வேண்டாம்.

பகலில் இருபது, முப்பது நிமிடம் கண் அயர்வது வேறு கதை. அதற்கு நான் முழு ஆதரவு. மாரத்தான் வீரர் கிப்சோகே முகாமில் இரவு ஒன்பது மணிவாக்கில் படுத்துவிடுபவர், பகலிலும் தூங்குபவர். இரண்டு பயிற்சிக்கு நடுவில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாத வாழ்க்கை அது. மூன்று மணிக்கு மேல் மட்டும் பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள், இரவுத் தூக்கம் கெடும்.

பிப்ரவரி 23

“ஓர் இரவு கெட்டால் ஒன்றுமில்லை என்கிறீர்கள், மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டைப் பார்த்த பிறகுமா?” என்று கேட்ட அம்மாவுக்கு.

இரண்டு நாளாக யோசித்தேன். நான் சொன்னது படுக்கையில் கிடந்து தூக்கம் வராத இரவைப் பற்றி. கிடக்கிற உடல் பாதியாவது ஓய்கிறது. வினேஷின் இரவு அப்படிப்பட்டதல்ல. 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக், ஒரே நாளில் மூன்று மல்யுத்தம். முதல் ஆட்டத்திலேயே அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்காத ஜப்பானின் யூய் சுசாகியை வீழ்த்தினார். மாலையில் எடை பார்த்தால் அவர் பிரிவின் 50 கிலோ வரம்புக்கு மேல் 2.7 கிலோ. இரவு முழுக்க ஓட்டம், நீராவி அறை, வியர்வை, கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டினார்கள். காலையில் நூறு கிராம் கூடுதல். தகுதி நீக்கம். அந்த நூறு கிராமை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே நகரில் மல்யுத்த வீரர் அமன் செஹ்ராவத்துக்கும் அதே கண்டம். அரையிறுதி முடிந்து பார்த்தால் 57 கிலோ வரம்புக்கு மேல் நாலரைக் கிலோ. அவரும் பயிற்சியாளர்களும் விடிய விடிய உழைத்துக் குறைத்தார்கள், தூங்கவில்லை. மறுநாள் வெண்கலம். இருவரில் ஒருவருக்கு மனவுறுதி அதிகம், இன்னொருவருக்குக் குறைவு என்று யாராவது சொல்லத் துணிவார்களா? போட்டி நாளன்று காலையிலும் மறுநாள் காலையிலும் எடை பார்க்கும் விதி, நடுவில் இருக்கும் இரவைத் தின்றுவிடுகிறது. இதையும் கால அட்டவணைக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

பிப்ரவரி 26

தூக்கத்தை அளந்து மதிப்பெண் போடும் கைக்கடிகாரங்கள். சுருக்கமாக.

என்னிடம் நீந்தும் ஒரு பெண் பயிற்சிக்கு வந்ததும் மணிக்கட்டை நீட்டிக் காட்டுவாள்: “இன்று 61 தான் சார்.” அதைச் சொல்லும்போதே தோள் தொங்கிவிடும். முகத்தைப் பார்த்தால் நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளை. எண்ணைப் பார்த்த பிறகுதான் களைப்பு வருகிறது. மதிப்பெண்ணை விரட்டியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பற்றி மருத்துவர்கள் 2017-இல் எழுதி, அந்தத் தொல்லைக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். இந்தக் கருவிகள் படுத்த நேரம், எழுந்த நேரம் காட்டுவதில் பரவாயில்லை. ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிடம் என்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவளிடம் இரவில் கழற்றி வைக்கச் சொன்னேன். ஒரு நோட்டில் படுத்தது, எழுந்தது, காலையில் எப்படி இருக்கிறது என மூன்று வரி எழுதச் சொன்னேன். அது போதும்.

மார்ச் 2

தூக்க மாத்திரை பற்றித் தனிச் செய்தி அனுப்பாதீர்கள். பொதுவிலேயே பதில் சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

இது கற்பனைப் பயம் அல்ல. ஆஸ்திரேலியாவின் பெரும் நீச்சல் வீரர் கிராண்ட் ஹாக்கெட், ஸ்டில்நாக்ஸ் என்ற தூக்க மாத்திரைக்கு அடிமையானதை அவரே சொன்னார். 2012 லண்டன் போட்டிக்குச் சற்று முன் அந்நாட்டு ஒலிம்பிக் குழு அதைத் தங்கள் வீரர்களுக்குத் தடை செய்தது. 2023-இல் கால்பந்து வீரர் டெலே அலி, தூக்க மாத்திரையிலிருந்து மீளச் சிகிச்சை பெற்றதைச் சொல்லி, கால்பந்தில் இது பலரும் நினைப்பதைவிடப் பரவலாக இருக்கிறது என்றார். இரவு ஆட்டத்துக்கு முன் விழித்திருக்கக் கஃபீன், ஆட்டம் முடிந்து தூங்க மாத்திரை, காலையில் எழ மறுபடி கஃபீன். கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் அளவுக்கு ஆகும். ஏழு மணிக்குக் குடித்தது நள்ளிரவிலும் உடலில் இருக்கிறது.

மார்ச் 5

இரவு ஆட்டம் என்றதும் ஞாபகம் வந்தது. 2023 ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸில் ஆண்டி மர்ரேயும் கொக்கினாகிஸும் ஆடிய ஆட்டம் விடிகாலை 4.05-க்கு முடிந்தது. ஐந்தே முக்கால் மணி நேரம். பந்து பொறுக்கும் பிள்ளைகளை நினைத்து மர்ரே வருந்தினார். எனக்கு அந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். வென்ற மர்ரே அடுத்த சுற்றில் தோற்றார். பிறகு 2024 முதல் ஆண்கள், பெண்கள் தொடர்களில் இரவு பதினொரு மணிக்கு மேல் ஆட்டம் தொடங்கக்கூடாது என்று விதி வைத்தார்கள். ஆஸ்திரேலிய ஓப்பன் போன்ற கிராண்ட் ஸ்லாம் போட்டிகளை அது கட்டுப்படுத்தாது.

அட்டவணையை மாற்ற முடியும் என்பதற்கு இது சாட்சி. மனது வைத்தால் போதும்.

மார்ச் 9

“உங்கள் பிள்ளைகளின் ஐந்து மணிப் பயிற்சியை நீங்கள் மாற்றினீர்களா?” நியாயமான கேள்வி. நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஐந்து மணிப் பயிற்சியில் முதல் அரை மணி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தொப்பியைப் பாதி மாட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான் ஒருவன். நீச்சல் கண்ணாடியைத் துப்பித் துடைத்துக்கொண்டே இருப்பாள் இன்னொருத்தி, நீரில் இறங்குவதைத் தள்ளிப்போட. கிக்போர்டை, அந்த மிதவைப் பலகையை, தலைக்கு வைத்து ஈரத் தரையிலேயே கண் சொக்கிப்போன பையனை நான் எழுப்பியிருக்கிறேன். இறங்கிய பிறகும் திரும்பும் இடத்தில் சுவரைத் தவற விடுவார்கள். உத்தியைத் திருத்தினால் தலையாட்டுவார்கள், அடுத்த லேப்பில் அதே பிழை. நான் கற்றுக்கொடுத்த எதுவும் அந்த நேரத்தில் உள்ளே இறங்கவில்லை. தூரம் மட்டும் நோட்டில் ஏறியது.

மாற்றுவது சுலபமாக இல்லை. குளம் நம் சொத்து அல்ல, தடங்கள் வேறு நேரத்தில் வேறு ஆட்களுக்கு. பெற்றோருக்கு வேலைக்குப் போக வேண்டும். “சாம்பியன் ஆக வேண்டுமானால் விடிவதற்குள் எழ வேண்டும்” என்று ஒரு தந்தை என் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்குப் பிள்ளை மேல் உள்ள அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள்.

கடைசியில் காலை நாட்களைக் குறைத்தோம். மீதி உள்ளதை ஒன்றரை மணி நேரம் தள்ளி, தூரத்தை வெட்டினோம். வலுப் பயிற்சியை மாலைக்குக் கொண்டுபோனோம். வாரத் தூரம் குறைந்தது. இரண்டு குடும்பங்கள் வேறு குளத்துக்குப் போய்விட்டன. இருந்தவர்களில் காய்ச்சலும் தோள்வலியும் குறைந்ததைப் பார்த்தேன். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகள் அந்த ஆண்டில் வளரவும் செய்தார்கள். ஆனால் 112 பதின்ம வயது வீரர்களைப் பார்த்த 2014 அமெரிக்க ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு. என் கண்ணும் அந்தக் கணக்கும் முரண்படவில்லை.

அந்தத் தந்தையின் பிள்ளை இன்னும் என்னிடம்தான் நீந்துகிறான்.

மார்ச் 10

ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்கவிடலாமா? விடுங்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். மத்தியானம் வரை வேண்டாம், திங்கள் காலை கசந்துபோகும்.

மார்ச் 16

முதலில் கேள்வி கேட்டவர், பையனின் அடுத்த போட்டியில் காலை ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று, இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரம் நீச்சலைப் பாதிக்கும். ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், ரியோ என நான்கு ஒலிம்பிக்குகளின் நீச்சல் நேரங்களை ஒப்பிட்டவர்கள், மாலை ஐந்து மணியை ஒட்டி நீந்தியவை வேகமாக இருந்ததைக் கண்டார்கள். காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் 0.37 சதவீதம் வரை. கேட்பதற்குச் சொற்பம். நூறு மீட்டரில் பதக்கத்தை இடம் மாற்ற அது போதும். அப்படியிருந்தும் பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுகளைக் காலையில் வைத்தார்கள். ரியோவில் இரவு பத்து மணிக்குத் தொடங்கினார்கள். இரண்டுமே அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காக.

உடல் கடிகாரத்தை ஒரே நாளில் இழுத்து வைக்க முடியாது. போட்டிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்து தினமும் கால் மணி நேரம் சீக்கிரம் எழுப்புங்கள். எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்க வையுங்கள், வாசலிலோ மாடியிலோ. இரவில் வீட்டு விளக்குகளைக் குறையுங்கள், படுக்கும் நேரம் தானாக முன்னே வரும். எட்டு மணிக்குக் கட்டாயப்படுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள், தூக்கம் வந்த பிறகு படுக்கட்டும். ஹீட்ஸ் தொடங்க மூன்று மணி நேரம் முன்பாவது விழித்திருக்க வேண்டும். அவன் பயிற்சியாளரிடமும் பேசுங்கள், அந்த வாரம் மட்டுமாவது ஐந்து மணியைத் தள்ளி வைப்பாரா என்று கேளுங்கள். கேட்க சங்கடமாக இருந்தால் இந்த இழையை அவருக்கே அனுப்புங்கள், நான் பேசுகிறேன். அட்டவணை கைக்கு வந்ததும் முதல் ஹீட்ஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். எந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.